ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை

ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1893-லிருந்தே தன் பெயருக்குக் கீழே ஒரு வரி போட்டுக்கொண்டிருந்தது: துப்பாக்கியைப் போலச் செய்தது. அப்போது அவர்கள் மோட்டார் சைக்கிளே செய்யவில்லை, அது 1901-ல்தான். இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊர். முதலில் தையல் ஊசி செய்தார்கள், அப்புறம் சைக்கிள். நடுவில் என்ஃபீல்டு ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுணுக்கமான உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்தார்கள். பெயரும், டேங்கில் வந்து உட்கார்ந்த பீரங்கியும் அந்த வழியாகக் கிடைத்தவை. விளம்பர வாசகங்களை நான் அவ்வளவாக நம்புகிறவன் இல்லை. இந்த ஒன்றை மட்டும் அவர்களுடைய பழைய புல்லட் மோட்டார் சைக்கிளைக் கிக் அடித்துப் பார்த்தவர்கள் யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

துப்பாக்கி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் சேர்ப்பவர்கள் ஒரு பெருங்கூட்டம். சிவகாசி லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. டெக்ஸ் வில்லர் இடுப்பில் தொங்குவதுதான். 1873-ல் கோல்ட் கம்பெனி கொண்டுவந்த மாடல். விசையை அழுத்தினால் மட்டும் அது சுடாது. ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்கும்போது நான்கு 'கிளிக்' கேட்கும். அந்த நான்கும் ஒழுங்காகக் கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டுத்தான் விவரமானவர்கள் விலையே பேசுவார்கள். வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளுவதும் ஒவ்வொன்றாகத்தான், பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து. இதைவிட வேகமான, சுலபமான ரிவால்வர்கள் எப்போதோ வந்துவிட்டன. 1940 வாக்கில் கோல்ட் இதன் உற்பத்தியை நிறுத்தியும் விட்டது. ஆனால் டி.வி.யில் கௌபாய் தொடர்கள் கிளப்பிவிட்ட ஆசையில் 1956-ல் மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று.

அந்த ஆசை மயிலாப்பூரில் செல்லுபடியாகாது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓர் ஆள் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அந்த இரண்டுக்கும் லைசென்ஸ் வாங்குவதற்குள் ஆசை ஆறிப்போகும். ஆனால் ரசனை லைசென்ஸ் கேட்டுக்கொண்டு வருவதில்லையே. அதே கண்ணும் அதே காதும் இங்கே பழைய புல்லட்டில் போய் இறங்கியிருக்கின்றன. மந்தைவெளியின் சந்துகளில், ராயப்பேட்டை மணிக்கூண்டைச் சுற்றிய பட்டறைகளில், அடையாறு வீடுகளின் போர்ட்டிகோவில், தார்ப்பாய் போர்த்தி நிற்கும் அந்த இரும்பை ஞாயிற்றுக்கிழமை காலையில் தார்ப்பாய் விலக்கித் துடைக்கிற ஆட்களைப் பார்த்தால் தெரியும்.

இந்த வண்டி நம் ஊர்க்காரன் என்று சொந்தம் கொண்டாடவும் காரணம் இருக்கிறது. கே.ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-ல் ரெடிட்ச்காரர்களோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. தொழிற்சாலை திருவொற்றியூரில். ராணுவத்துக்கும் போலீசுக்கும் வண்டி வேண்டும் என்பதுதான் முதல் தேவை. 1970 வாக்கில் இங்கிலாந்தில் கம்பெனியே மூடியாயிற்று. மெட்ராஸ்காரர்கள் மட்டும் அதே வார்ப்பிரும்பு எஞ்சினை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். 346 சிசி, 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், தனி கியர் பாக்ஸ். மாற்றுவதற்கு ஆசை இல்லாததால் மாற்றவில்லையா, வசதி இல்லாததாலா என்று கேட்டால், இரண்டும்தான். எதுவாக இருந்தாலும் 2010 வாக்கில் அந்த எஞ்சின் நின்றுபோகும்வரை, 1950-களின் ஓர் ஆங்கிலேய மோட்டார் சைக்கிளைப் புதிதாக ஷோரூமில் வாங்கக்கூடிய ஊர்களில் ஒன்றாக நம் சென்னை இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அதாவது, கிக்கருக்கு.

பெட்ரோல் டேப்பைத் திற. சாவியைப் போடு. ஹெட்லைட்டுக்கு மேலே, ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில், பெரிய நாணயம் அளவுக்கு ஓர் ஆம்மீட்டர் இருக்கிறது. அதன் முள் நடுவிலிருந்து இடது பக்கம் சாய்ந்து நிற்கும். இக்னிஷன் பாயிண்ட் மூடியிருக்கிறது, காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இப்போது கிக்கரை மெதுவாக அழுத்து. உதைக்காதே, அழுத்து. உள்ளே பிஸ்டன் ஏற ஏறக் காலுக்கடியில் இறுக்கம் கூடும். ஓர் இடத்தில் முள் சட்டென்று நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது. அங்கே நிறுத்து. இடது கைப்பிடியில் இருக்கும் சின்ன டீகம்ப்ரஷர் லீவரை இழு. சிலிண்டர் ஹெட்டிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு வரும். அந்த மூச்சோடு கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை மட்டும் இறக்கு. லீவரை விடு. கிக்கரை மேலே வரவிடு. இப்போது முழுக் காலையும் வைத்து ஒரே உதை.

சரியாகச் செய்தால் ஒன்றிலேயே பிடிக்கும். தவறாகச் செய்தால் கிக்கர் கெண்டைக்காலைப் பார்க்கத் திரும்பி வரும். மந்தைவெளியில் எங்கள் மெக்கானிக் அண்ணன் புதிதாக வண்டி வாங்கி வந்த ஒரு பையனிடம் சொன்னது: "அவசரப்பட்டு உதைச்சா அதுவும் உதைக்கும், தம்பி. முள்ளைப் பாரு. உன் காலைப் பாக்காத."

இத்தனைக்கும் இந்தச் சடங்கில் அலங்காரம் என்று ஒன்றுமே இல்லை. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது. ஆனால் பார்த்தாக வேண்டும். பேட்டரி நிலவரம் சொல்வதற்காக வைத்த ஒரு மீட்டரே அதற்குக் கண்ணாக அமைந்துவிட்டது. இந்த இரட்டை வேலை எனக்கு ஒவ்வொரு காலையும் வியப்புதான். நான்கு கிளிக்குகளை எண்ணும் ரிவால்வர்காரனின் சுகமும் இதே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இயந்திரம் நம் கையைக் கேட்காமல் அடுத்த காரியத்துக்குப் போகாது. இன்றைய வண்டிகளில் கட்டைவிரல் பட்டனை அழுத்துவதோடு நம் பங்கு முடிந்தது. மீதியை அதுவே பார்த்துக்கொள்கிறது. வசதிதான், மறுக்கவில்லை. பாண்டி பஜார் சிக்னலில் எஞ்சின் அணைந்து, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது நானும் அந்தப் பட்டனுக்கு ஏங்கியவன்.

டேப்பட் கவர் இன்னொரு நயம். எஞ்சினின் வலப்பக்கம், சிலிண்டரின் அடியில், ஒரே ஒரு நட்டில் நிற்கும் சின்ன மூடி. கழற்றினால் இரண்டு புஷ்ராடுகள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் மேலே இருக்க வேண்டும். லாக் நட்டைத் தளர்த்தி, ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றிப் பார்ப்பார்கள். தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. ஃபீலர் கேஜ் வைத்து அளக்கும் வண்டிகள் உண்டு. இங்கே கேஜ் விரல் நுனிதான். நட்டை இறுக்கும்போது சரிசெய்தது கொஞ்சம் நகர்ந்துவிடும், மறுபடியும் விரல், மறுபடியும் ஸ்பேனர். பழைய வண்டிகளில் பல இடங்களில் விட்வொர்த் அளவு ஸ்பேனர்தான் பொருந்தும். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு அழுத்தியவர்கள் உருட்டிவிட்ட நட்டுகளைப் பார்த்தாலே அந்த வண்டி யார் யார் கையில் சீரழிந்தது என்று வரலாறு படித்துவிடலாம்.

காலடியில் இன்னொன்று இருக்கிறது. கியர் வலது பக்கம், ஒன்று மேலே, மூன்று கீழே. பிரேக் இடது பக்கம். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் முதல் நாள் தடுமாறுவார்கள். அந்தக் கியர் லீவருக்குப் பின்னால், குதிகாலுக்கு எட்டும்படி ஒரு குட்டி லீவர். இரண்டிலோ மூன்றிலோ நான்கிலோ வந்து நின்றாலும் கிளட்ச்சைப் பிடித்து அதைக் குதிகாலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும், வண்டி நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். வரிசையாக ஒவ்வொரு கியராகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். லஸ் கார்னர் நெரிசலில் இதன் அருமை தெரியும். பிற்காலத்தில் கியர் இடது பக்கம் போனபோது இந்தக் குட்டி லீவரும் போய்விட்டது. போன பாகங்களில் நான் மனசாரத் துக்கம் கொண்டாடுவது இதற்கு ஒன்றுக்குத்தான்.

வண்டியை மாற்றியமைப்பது பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்தப் பிரியத்தில் பாதி அதுதான். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் வருடம் கேட்பார்கள், அடுத்து "கம்பெனி பார்ட் வேணுமா சார், லோக்கல் போதுமா?" புதுப்பேட்டையில் கேள்வி வேறு: "பழசு ஒண்ணு கெடக்கு, பாக்கறீங்களா?" அங்கே எண்ணெய்க் கறுப்பு படிந்த குவியலில் கை விட்டு, கனமான பழைய வார்ப்பில் ஒரு பிரைமரி கவரை எடுத்துத் தரையில் வைக்கும்போது வரும் சத்தத்திலேயே, புதிதாக அடித்த மெல்லிய பாகத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆனால் அந்தக் கவரை பஃபிங்குக்குக் கொடுக்கும்போதுதான் கண்டம். சுழலும் துணிச் சக்கரத்தில் அலுமினியத்தைக் கண்ணாடியாக்கித் தருவார்கள். அவசரக்காரர் கையில் கொடுத்தால் கவரின் விளிம்புகள் மழுங்கும். வார்ப்பிலேயே எழும்பியிருக்கும் எழுத்துகள் தேய்ந்து, தடவினால் மட்டும் தெரியும் தழும்பாகும். கோல்ட் ரிவால்வர் சேர்ப்பவர்களும் இதையேதான் முதலில் பார்ப்பார்களாம்: எத்தனை பளபளப்பு என்றல்ல, விளிம்பு இன்னும் கூர்மையாக இருக்கிறதா, பொறித்த எழுத்தின் ஓரம் சிதையாமல் நிற்கிறதா என்று. மெருகு எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம். தேய்ந்த இரும்பை யாரும் திருப்பி ஒட்ட முடியாது. நல்ல பஃபிங்காரர் எழுத்துக்குப் பக்கத்தில் வந்ததும் சக்கரத்தை விட்டுவிட்டுக் கையால் எமரித்தாளுக்கு மாறுவார். நேரம் ஆகும், காசும் ஆகும். கொடுக்கலாம்.

குரோமுக்கும் இதே கதை. அடியில் செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியாகக் குரோம் என்று மூன்று பூச்சு ஒழுங்காக ஏறினால்தான் நிற்கும். பெசன்ட் நகரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அதுவும் போதாது. உப்புக் காற்று ரிம்மில் புள்ளி புள்ளியாகத் துரு வைத்துவிடும். அங்கே குடியிருந்துகொண்டு குரோம் டேங்க் வைத்திருப்பவர் தினமும் துடைக்கத் தயாராக இருக்க வேண்டும். தி. நகர்க்காரர்களுக்குப் புழுதியோடு போயிற்று.

சக்கரம் நேராக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? 19 அங்குல ரிம்மைச் சட்டத்தில் மாட்டிச் சுழலவிட்டு, ஓரத்தில் சாக்பீஸை அசையாமல் பிடிப்பார் அந்த ஆள். கோட்டம் உள்ள இடத்தில் மட்டும் வெள்ளை விழும். அங்கே உள்ள கம்பிகளில் ஒன்றைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்து ஒன்றை இறுக்குவார். கடைசியில் ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டிக்கொண்டே வருவார். மிருதங்கத்தின் விளிம்பைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பவரைப் போல, ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் தலையைச் சாய்த்து அங்கே நின்றுவிடுவார். அலாய் வீல் போட்டால் இந்த வம்பெல்லாம் இல்லை என்பார்கள். இல்லைதான். பழைய புல்லட்டில் அலாய் வீலைப் பார்க்கும்போது எனக்கு வரும் எரிச்சலை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

டேங்க் கோட்டுக்கு ஒரு பத்தி தனியாக வேண்டும். கறுப்பு டேங்கில் தங்க நிறத்தில் ஓடும் அந்த மெல்லிய கோடு, தொழிற்சாலையிலேயே கையால் போடப்படுவது. கிஷோர், ஜெயக்குமார் என்ற சகோதரர்கள் போட்ட கோடுகளை 'மெட்ராஸ் ஸ்ட்ரைப்ஸ்' என்றே உலகம் பேசுகிறது. வெளிப் பட்டறைகளிலும் இது தெரிந்த கைகள் இன்னும் சில இருக்கின்றன. பெரும்பாலும் சைன்போர்டு எழுதி, ஃப்ளெக்ஸ் வந்ததும் பிழைப்பு போய், நம்பர் பிளேட்டோடு நின்றவர்கள். நீளமான மயிர் வைத்த தூரிகை. அதைப் பெயின்டில் தோய்த்து ஓர் அட்டையில் இரண்டு மூன்று தடவை இழுத்து, பெயின்ட் மயிர் முழுக்கச் சீராக ஏறியதா என்று பார்ப்பார்கள். பிறகு சுண்டுவிரலை டேங்கின் விளிம்பில் சாய்த்து, தூரிகையைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, தன் பக்கமாக இழுப்பார்கள். நேர்க்கோடு ஒன்றும் பெரிய காரியமில்லை. முழங்கால் ரப்பருக்கு மேலே டேங்க் வளையும் இடத்தில் விரல்கள் தூரிகையை லேசாக உருட்ட வேண்டும். கோடு அங்கே தடிக்கவும் கூடாது, இளைக்கவும் கூடாது. தொடங்கிய இடத்தில் வந்து முடியும்போது ஒரு நூல் அளவு கோட்டின்மேல் கோடு ஏறும். கையால் போட்டதற்கு அடையாளம் அந்த ஒட்டு. ஸ்டிக்கரில் அது இருக்காது. வெட்டிய முனைதான் இருக்கும். பழைய டேங்க் வாங்கும்போது விரலால் தடவி அந்த ஒட்டைத் தேடுங்கள்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதில் சண்டை ஓயாது. என் கட்சி இது. முன் பிரேக்கைத் தாராளமாகப் பலப்படுத்துங்கள், இன்றைய ஓ.எம்.ஆர். போக்குவரத்துக்கு அந்தப் பழைய டிரம் போதாது, உயிரோடு விளையாட ரசனை எதற்கு? நல்ல பல்பு போடுங்கள். சீட்டைக் கழற்றி ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட் போடுவதும் சரிதான், வீட்டில் பின்னால் உட்காருகிறவர்கள் ஒப்புக்கொண்டால். ஆனால் 'பீட்' வேண்டும் என்று இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி, நின்ற இடத்தில் டுப்... டுப்... என்று விக்கவைக்கிறார்களே, அது எஞ்சினைச் சித்திரவதை செய்வது. இழுவை குறையும், சைலன்சர் பைப் கொதிக்கும், இரண்டு தெருவுக்கு ஒரு தடவை உறுமினால்தான் அணையாமல் நிற்கும். சைலன்சருக்குள் இருப்பதை உருவிப் போட்டுவிட்டு மாட வீதியில் இரவு பதினொரு மணிக்குப் பட்டாசு வெடிப்பவர்களைப் பற்றி நான் சொல்ல நினைப்பதை டிராஃபிக் போலீஸ் அபராதச் சீட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஒழுங்கான டைமிங்கில் ஆறுதலாக ஓடும் வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு இயல்பாகவே ஒரு தாளம் உண்டு. அதற்கு மேளம் கட்ட வேண்டாம்.

சட்டமும் இதில் ஒரு பக்கம் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது; உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிகள் இன்னும் ஒரு படி மேலே. ஐம்பது வயது கடந்த வண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவத்தில் இருந்தால், 20,000 ரூபாய் கட்டி 'விஏ' எழுத்துகளோடு தனி எண் வாங்கலாம். தினசரி ஓட்டத்துக்கு மட்டும் சாலையில் எடுக்கக் கூடாது. மந்தைவெளியில் மார்க்கெட்டுக்குப் போகத்தான் வண்டி என்பவர்களுக்கு இது தோதுப்படாது. அவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு, எம்.எஸ். என்று தொடங்கும் பழைய எண்ணையே காப்பாற்றி வருகிறார்கள்.

சேகரிப்பாளர்களில் புல்லட்டோடு திருப்தி அடையாத சாதியும் உண்டு. என்ஃபீல்டு இந்தியாவிலிருந்து வந்து மறைந்துபோன ஷெர்ப்பா, மினி புல்லட், ஃபேன்டாபுலஸ் ஸ்கூட்டர், 1980-களின் ஃப்யூரி 175, எக்ஸ்ப்ளோரர் 50 என்று தேடித் தேடிச் சேர்ப்பார்கள். டீசலில் ஓடிய டாரஸை வைத்திருப்பவர் அதைப் பற்றி நிறுத்தாமல் பேசுவார். வண்டி போடும் சத்தத்தில் அவர் பேச்சில் பாதி நமக்குக் கேட்காது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம், அடையாறு பக்கம் முங்கிய வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் வடிந்ததும் ஆர்வத்தில் கிக் அடித்தவர்கள் கனெக்டிங் ராடை வளைத்துக்கொண்டார்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் உள்ள தண்ணீரை வெளியேற்றி, பால்போல் வெளுத்துப்போன ஆயிலை வடித்து, டீசல் விட்டு அலசி, பாயிண்டைத் துடைத்துக் காயவைத்தவர்களின் பழைய புல்லட்டுகள் கிளம்பிவிட்டன. உள்ளே இருப்பது எல்லாமே கண்ணுக்குத் தெரியும் சாமான் என்பதன் லாபம் அது.

உங்கள் வீட்டில் அப்பாவோ பெரியப்பாவோ ஓட்டிய வண்டி மாடிப்படிக்கு அடியில் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண் இருக்கும் இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ, பெயின்ட் அடித்து மூடவோ யாரையும் விடாதீர்கள். பட்டறையில் விட்டால் கழற்றிய பாகம் எதுவானாலும், தேய்ந்த ஆம்மீட்டரோ ஓட்டை விழுந்த சைலன்சரோ, "பழசைக் கொடுத்துடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். எண்ணெய் தடவிப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வையுங்கள். புதிது போட்டது பிடிக்கவில்லை என்று உங்கள் பையன் ஒருநாள் கேட்பான்.